எஃப்.டி. முடியும் தேதி ஏஜென்டுக்கு எப்படித் தெரிந்தது?

வயதான பெற்றோர் பெயரில் வங்கியில் டெபாசிட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கும்பகோணத்தில் ஒரு வங்கியில் எஃப்.டி. போட்டிருந்தார். அது முடிகிற சமயத்தில் ஒரு செல்போன் எண்ணிலிருந்து அழைப்பு. "அம்மா, பேங்க்ல இருந்து பேசறேன். உங்க ஆறு லட்சம் எஃப்.டி. வர்ற வியாழக்கிழமை முடியுது. இதைவிட நல்ல வட்டி வர்ற ஸ்கீம் ஒண்ணு இருக்கு." தொகை சரி, தேதி சரி, நாமினி யார் என்பதுகூடச் சரி. இத்தனையும் தெரிந்தவரை நம்பாமல் யார் இருப்பார்கள்? வீட்டுக்கே வந்து கையெழுத்தும் செக்கும் வாங்கிக்கொண்டு போனார்.

தபாலில் வந்தது ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருடத்துக்கு ஒரு லட்சம், ஐந்து வருடம் கட்ட வேண்டுமாம். பென்ஷனை நம்பி இருப்பவர் எங்கே போவார்? கேட்டால், "ரத்து பண்ண முடியாதும்மா" என்றார் அந்த ஏஜென்ட். பச்சைப் பொய். பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம்; இதற்கு ஃப்ரீ லுக் என்று பெயர். காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக எழுதினோம். முத்திரைக் கட்டணம் மாதிரி சில்லறைப் பிடித்தம் போக, கட்டிய பணம் திரும்பி வந்தது.

பணம் வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், கணக்கு தொடங்கிய படிவத்தைக் காட்டச் சொன்னேன். கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில், விவரங்களைக் குழும நிறுவனங்களுடனும் கூட்டாளிகளுடனும் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி. பக்கத்துக் கட்டத்தில் நீல மையில் டிக். அம்மாவின் கையெழுத்தோ கறுப்பு மை. கையெழுத்துப் போடும் இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி. "எல்லாருக்கும் நாங்களேதான் சார் டிக் பண்ணுவோம்" என்றார் அந்த அதிகாரி, ஏதோ உதவி செய்ததைப் போல.

கேஒய்சிக்காக, அதாவது வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்ய, வாங்கும் விவரங்கள் ரகசியமானவை, வாடிக்கையாளர் வெளிப்படையாக அனுமதி தராமல் வேறு பொருள் விற்க அவற்றைக் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வேறொருவர் போட்ட டிக் எப்படி அனுமதியாகும்? 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 2025 நவம்பரிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளைக்குப் போய்ப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அந்த டிக் இருந்தால், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448-க்குப் போன் பண்ணலாம்.

எங்களுக்கும் வங்கியிலிருந்து பதில் வந்தது: சம்மதத்தை நீக்கிவிட்டார்களாம். அம்மாவின் விவரங்களை இதுவரை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்டுத்தான் இப்போது ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுத்திருக்கிறோம்.