மொட்டா, சிப்பியா, பாலா? சமையலறைக்கு எந்தக் காளான்

கடையில் காளான் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பெட்டியில் அடைத்த மொட்டுக் காளான்தான். காளான் என்றாலே அதுதான் என்று பல ஆண்டுகள் நானும் நினைத்திருந்தேன். உழவர் சந்தையில் ஒரு அம்மா பால் காளானை எடுத்து நீட்டிய அன்று அந்த நினைப்பு மாறியது. பாலின் வெண்மை, பிஞ்சு முள்ளங்கி அளவுக்குத் தடித்த தண்டு, கையில் நல்ல கனம். அதன்பின் மூன்று வகைகளையும் மாற்றி மாற்றிச் சமைத்துவிட்டேன். என் ஓட்டு பால் காளானுக்கே.

மொட்டுக் காளான் குளிர்நாட்டுப் பிள்ளை. மொட்டு விட 16 முதல் 18 டிகிரி வெப்பம்தான் அதற்கு ஒத்துவரும். ஊட்டியில் சரி, சமவெளியில் குளிரூட்டிய அறை வேண்டும். அந்தச் செலவெல்லாம் விலையில்தான் ஏறுகிறது. சட்டென்று வேகும், சூப்புக்கும் பிரியாணிக்கும் பொருந்தும், காளானே பிடிக்காத குழந்தைகளும் சாப்பிடுவார்கள். ஆனால் வாங்கி இரண்டு நாள் ஆனால் பழுப்பேறிப் பிசுபிசுக்கத் தொடங்கிவிடுகிறது.

சிப்பிக் காளான் எளியவர்களின் பயிர். வேகவைத்த வைக்கோல், சோளத்தில் வளர்த்த காளான் வித்து, ஒரு பாலித்தீன் பை, ஈரமான குடில் போதும்; மூன்று, நான்கு வாரத்தில் முதல் அறுவடை. மிளகு வறுவலுக்கு இதற்கு ஈடு கிடையாது. விளிம்பு மொறுமொறுப்பாகும், நடுப்பகுதி மெத்தென்று நிற்கும். அந்த ஒரு பதார்த்தத்தில் பால் காளானே தோற்றுப்போகும். குறை ஒன்றுதான்: காலையில் வாங்கியது மாலைக்குள் துவண்டுவிடும்.

இனி பால் காளான். அறிவியல் உலகுக்கு இது மேற்கு வங்கத்திலிருந்து 1974இல் அறிமுகமானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்ட பிறகுதான் பண்ணைகளுக்கு வந்தது. அந்த எழுத்துகள் அருப்புக்கோட்டையைக் குறிப்பவை. கரிசல் பூமியின் வெயிலுக்கும் இந்தக் காளானுக்கும் நல்ல பொருத்தம். 30 முதல் 35 டிகிரியில் செழித்து வளரும். சிப்பியைவிட வேலை கொஞ்சம் கூடுதல்: வித்து பரவிய வைக்கோல் படுக்கையை இரண்டாக வெட்டி, மேலே மண் பரப்பி, நீலப் பாலித்தீன் தாள் வேய்ந்த குடிலில் வைக்க வேண்டும். அறுவடைக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும்.

அந்தக் காத்திருப்பின் பலன் சமையலில் தெரிகிறது. தண்டை நீளவாக்கில் கிழித்தால் நார் நாராகப் பிரியும். குழம்பில் போட்டால் நீர் விட்டுச் சுருங்கிக் காணாமல் போவதில்லை. மெல்லுவதற்குப் பதமாக நிற்கும். வெளியில் வைத்தாலும் மூன்று நாள் வெள்ளையாகவே இருக்கும். அரைவேக்காட்டில் இறக்கினால் மட்டும் ஒரு பச்சை வாடை அடிக்கும். அதனால் மஞ்சள் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு தாளிக்கிறேன். அடித்தண்டில் மண் ஒட்டிய பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், அது வேகாது.

வாங்கும்போது குடையின் ஓரம் உள்நோக்கி மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாக விரிந்திருந்தால் முற்றியது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மழைக்குப் பின் புல்தரையில் முளைக்கும் வெள்ளைக் குடைகளைப் பால் காளான் என்று எண்ணிப் பறித்துவிடாதீர்கள். அவற்றில் ஒன்று முதிரும்போது குடையின் அடிமடிப்பு பச்சையாகும் நச்சுக் காளான். இளசாக இருக்கையில் அந்த நிறம் தெரியாது. வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பது எதையும் நம்பாதீர்கள். பண்ணையில் விளைந்ததை மட்டும் வாங்குங்கள்.

மார்கழி, தை மாதக் குளிரில் பால் காளான் வரத்து குறைந்துவிடும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் சிப்பிக் காளான் மிளகு வறுவல்தான்.