ரசம் போன கண்ணாடிக்கு 5,500 ரூபாய்: கடற்கரை ஊர்க்காரர்கள் கவனத்துக்கு

எங்கள் குளியலறைக் கண்ணாடியில் ஐந்து மேகங்கள் முளைத்தன. நான்கு மூலைக்கு ஒன்றாக நான்கு, நடுவில் ஒன்று. பகடையில் ஐந்து விழுந்தது போல் அத்தனை ஒழுங்கு. அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தேன். துணி சுத்தமாகவே இருந்தது, மேகமும் அப்படியே இருந்தது. கறை கண்ணாடிக்கு முன்னால் இல்லை, பின்னால் இருந்தது.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் இதே வேலைக்கு மாட்டிக்கொள்வதைவிட, வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது மேல்.

எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் வழியில். வெள்ளிக் கடற்கரையின் காற்று மொட்டைமாடிக்கு நேராக வரும். வாங்கிய வருடமே சைக்கிள் சங்கிலி துருப்பிடிக்கும், ஜன்னல் கம்பிக்கு வருடம் தவறாமல் பெயின்ட் அடிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் 2024 மே மாதப் பள்ளி விடுமுறையில் இரண்டு குளியலறைகளையும் இடித்துப் புதிதாகக் கட்டினோம். கொத்தனாரும் டைல்ஸ்காரரும் குறை வைக்கவில்லை. கடைசியாக வந்த கண்ணாடிதான் காலை வாரியது.

கடையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "உப்புக் காற்றுக்குத் தாங்குமா?" கடைக்காரர் சிரித்தார். "பத்து வருடத்துக்குக் கவலையே வேண்டாம் டீச்சர். 5 மி.மீ. கண்ணாடி, செம்பு கலக்காத பூச்சு. பின்னால் மரைன் பிளைவுட் கொடுத்துவிடுகிறேன், படகு செய்கிற பலகை." சதுர அடி 340 ரூபாய். 46 அங்குலத்துக்கு 29 அங்குலம் கேட்டேன், 48-க்கு 30 என்று பத்து சதுர அடிக்குக் கணக்குப் போட்டார். அளவை இப்படி மேலே இழுத்துப் போடுவது கண்ணாடிக் கடைகளில் வழக்கம்தான், அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கண்ணாடி 3,400, பலகை 900, மாட்டும் கூலி 1,200. ஆக 5,500. மேல்மாடிக் குளியலறைக்கு விளக்கு வைத்த கண்ணாடி ஒன்று 7,500. "பில் போட்டால் 18 சதவீதம் சேரும், வேண்டுமா?" என்றார். 2,340 ரூபாய் மிச்சம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுத் தலையாட்டியவள் நான்தான். கைக்கு வந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் எழுதியிருந்தது: "கண்ணாடி வேலை - 2". தடிமன் இல்லை, பூச்சு இல்லை, பலகை என்ன ரகம் என்பதும் இல்லை.

மாட்டிய அன்று குளியலறை முழுக்கப் புளித்த வாடை. காடி ஜாடியைத் திறந்து வைத்தது போல மூக்கைத் துளைத்தது. "இது என்ன வாடை?" என்று மாட்டிய தம்பியிடம் கேட்டேன். "சிலிக்கான் வாடை அக்கா, இரண்டு நாளில் போய்விடும்" என்றான். போய்விட்டது. அவன் சொன்னது பொய்யும் இல்லை.

இந்த இடத்தில் என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். அந்த வாடை அசிட்டிக் அமிலம். இருபது வருடமாக ஆய்வகத்தில் முகர்கிற வாடை. என் வீட்டுக் குளியலறையில் அது ஏன் வருகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சிலிக்கான் பசையில் இரண்டு வகை உண்டு. ஒன்று இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், டியூபில் அசிடாக்ஸி என்றோ அசிட்டிக் க்யூர் என்றோ போட்டிருக்கும். மலிவு, சீக்கிரம் இறுகும், கண்ணாடித் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நல்ல பசை. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகுக்கு அது விஷம். அங்கே அமிலம் விடாத மற்ற வகையை, நியூட்ரல் க்யூர் என்று அச்சிட்ட டியூபைத்தான் போட வேண்டும்.

ஏன் விஷம் என்றால், கண்ணாடியின் முதுகில் இருப்பது வெள்ளி. பேச்சில் நாம் இன்னும் ரசம் என்கிறோம். பாதரசமும் வெள்ளீயமும் சேர்த்துப் பூசிய காலத்துச் சொல் அது. 1835-ல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார், பாதரசம் மெல்ல விடைபெற்றது, சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. அந்த வெள்ளிப் படலத்தின் கனம் தலைமுடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைக் காப்பாற்ற மேலே மெல்லிய செம்புப் படலம், அதற்கும் மேலே பெயின்ட். ஈரமும் உப்பும் வெட்டிய விளிம்பு வழியாக உள்ளே ஏறினால் முதலில் செம்பு அரிக்கும், பிறகு வெள்ளி கறுக்கும். அதனால்தான் கறுப்பு பெரும்பாலும் ஓரத்தில் ஆரம்பிக்கும். செம்பில்லாத பூச்சு கடலோரத்துக்குக் கூடுதலாகத் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னதும் உண்மைதான். அதை அவர் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

மேகங்களை முதலில் பார்த்தது அக்டோபரில், சரஸ்வதி பூஜைக்கு வீட்டைக் கழுவியபோது. கூடவே கீழ் விளிம்பு நெடுக மிளகைத் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். "ஆள் அனுப்புகிறேன்" என்றார். ஆள் வரவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, கடலூர் மழையிலும் பெண்ணையாற்று வெள்ளத்திலும் தத்தளித்தது. அதற்குப் பிறகு போன் செய்தால் புதுப் பதில்: "புயல் ஈரம் இறங்கியிருக்கும் டீச்சர், இயற்கைக்கு நான் என்ன செய்ய முடியும்?" அக்டோபரில் எடுத்த போட்டோவைத் தேதியோடு மறுபடி அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் இன்னும் என் காதில் நிற்கிறது. "கடற்கரைப் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு கண்ணாடியைக் குறை சொல்லலாமா?"

பொங்கல் விடுமுறையில் பக்கத்து வீட்டுத் தச்சரை வைத்துக் கண்ணாடியை இறக்கினோம். பின்னால் ஐந்து உருண்டை சிலிக்கான். ஒவ்வொன்றுக்கும் நேர் முன்னால் ஒரு மேகம். பகடையின் மர்மம் அதுதான். பலகையைத் தொட்டதும் டீயில் நனைத்த ரஸ்க் போல விரலோடு உதிர்ந்தது. தச்சர் ஒரு விள்ளலைக் கிள்ளி என்னிடம் நீட்டினார். "இது எம்.டி.எஃப். அம்மா, மரத்தூளை அழுத்திச் செய்வது. மரைன் பிளை என்றால் அடுக்கடுக்காகத் தெரியும், பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும்." ஈரத்தைக் குடித்து ஊதிப் போன அந்தப் பலகை எட்டு மாதமாகக் கண்ணாடியின் முதுகில் ஈரத்துணியைப் போர்த்தியது போல் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

மறுநாள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்திலிருந்து தடிமனை அளக்கும் திருகு அளவியைக் கேட்டு வாங்கி வந்தேன். விளிம்பில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். 3.92, 3.94, 3.92. காசு வாங்கியது 5 மி.மீ.க்கு, கொடுத்தது 4 மி.மீ. திருகு அளவி எல்லோர் வீட்டிலும் இருக்காது, எடைத் தராசு போதும். 1 மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் கண்ணாடி இரண்டரை கிலோ. எங்கள் அளவுக்கு 5 மி.மீ. என்றால் பத்தே முக்கால் கிலோ வர வேண்டும், 4 மி.மீ. எட்டரை கிலோவைச் சற்றே தாண்டும். சுவரில் ஏறிய பிறகு இதைக் கண்டுபிடிக்க முடியாது. இறக்கும் வண்டியிலேயே பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. கண்ணாடி மாட்டிய மறுநாள்தான் டைல்ஸில் படிந்த சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். அந்தப் புகைக்கும் வெள்ளிக்கும் ஆகாது. ஆசிட் வேலை முடிந்து, நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, நாலைந்து நாள் ஜன்னலைத் திறந்து வைத்த பிறகுதான் கண்ணாடி உள்ளேயே வர வேண்டும். இதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, டைல்ஸ்காரரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பொருள் போலி என்பது ஒரு பக்கம். மாட்டிய இடமும் தப்பு. மாட்டிய தம்பி ஆறடி உயரம். தன் கண்ணுக்குச் சரியாகப் பார்த்து, பூப்போட்ட டைல்ஸ் வரிசையைத் துளைக்கச் சோம்பல்பட்டு, அதற்கு மேலே கீழ் விளிம்பை வைத்துவிட்டான். தரையிலிருந்து 52 அங்குலம். என் மாமியார் நாலே முக்கால் அடிக்கும் குறைவு, அவர் கண் ஏறத்தாழ அதே 52 அங்குலத்தில். கண்ணுக்கு நேரே கண்ணாடியின் கீழ் விளிம்பு வந்தால் கண்ணுக்கு மேலே இருப்பது மட்டும்தான் தெரியும். அவருக்கு நெற்றியும் விபூதியும் தெரிந்தன. மூக்குத்தியைச் சரிசெய்ய எட்டு மாதமாக என் பீரோ கண்ணாடிக்கு வந்துகொண்டிருந்தார். "எனக்கு எதற்கு அழகு பார்க்க" என்று அவர் சிரித்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டிலேயே குள்ளமானவரையும் உயரமானவரையும் சுவரோரம் நிறுத்தி, கண் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அளவு சொல்லுங்கள். இப்போது எங்கள் கண்ணாடி 40 அங்குலத்தில் தொடங்கி 69-ல் முடிகிறது, மாமியாரும் என் கணவரும் ஒரே கண்ணாடியில் பார்க்கிறார்கள். தலை முதல் பாதம் வரை பார்க்க ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்று விற்பார்கள், நம்பாதீர்கள். நம் உயரத்தில் பாதி போதும், சரியான மட்டத்தில் இருந்தால். எவ்வளவு தள்ளி நின்றாலும் அந்தப் பாதி மாறாது.

விளக்கைப் பற்றி ஒரு வரி: உச்சியில் ஒற்றை விளக்கு இருந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே நிழல் விழும், கன்னத்தின் இரண்டு பக்கமும் முகமட்டத்தில் விளக்கு வையுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடி வேண்டாம். பின்னால் வெளிச்சம், முகம் இருட்டு.

மேல்மாடி விளக்குக் கண்ணாடியின் கதை சிரிப்புக் கதை. ஆவி படியாமல் தடுக்கும் சூட்டுத் தகடு உள்ளே இருக்கிறது என்று அதற்கும் சேர்த்துத்தான் 7,500. கடலூரில் கண்ணாடியில் ஆவி படிவதே மார்கழியில் பத்து நாள், அதற்கு நான் ஏன் ஆசைப்பட்டேன் என்று தெரியவில்லை. மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவில் அது தானே எரிந்தது, தானே அணைந்தது. மாமியார் காத்து கருப்பு என்று எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னார். எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தார். தொடு சுவிட்சில் ஈரம். சூட்டுத் தகடு இல்லவே இல்லை. தெறிக்கும் தண்ணீர் புகாத தரத்துக்கான ஐ.பி. 44 குறியீடு எங்கும் இல்லை. எர்த் ஒயரை வெட்டித் துணியில் சுற்றி உள்ளே செருகியிருந்தார்கள். அந்தக் கடைசி வரியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குளிக்கிற அறையில் எர்த் இல்லாத மின்சாரச் சாமான்.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்தேன். பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம்: தேதி போட்ட படங்கள், திருகு அளவியின் அளவு, எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த குறிப்பு, கைபேசியில் பணம் அனுப்பிய பதிவு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றும் எழுதினேன். பொருளின் விலை 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். கடிதம் சேர்ந்த பத்தாம் நாள் 6,000 ரூபாய் வந்தது, ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லாமல். மீதி 7,000-க்காகப் படியேற வேண்டாம் என்று கணவர் சொன்னார். எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஒழுங்கான பில் இருந்திருந்தால் இந்தத் தயக்கமே வந்திருக்காது.

இரண்டாம் முறை புதுச்சேரியில் வாங்கினோம். பில்லில் தடிமன், செம்பில்லாத பூச்சு, மெருகேற்றி அடைத்த விளிம்பு எல்லாம் எழுத்தில் வந்தன. வெள்ளி பூசிய கண்ணாடிக்கென்றே ஐ.எஸ். 3438 என்ற இந்தியத் தரம் இருப்பதைச் சொல்லிக் கேட்டபோது கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்பலகை கிடையாது. துருப்பிடிக்காத கிளிப்பும், தண்ணீர் வடிய மேலிருந்து கீழாக இழுத்த சிலிக்கான் கோடுகளும்தான். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுப் போக மெல்லிய இடைவெளி, கீழ் விளிம்பு எதன் மேலும் உட்காரவில்லை. டியூபைப் பிரித்ததும் முதலில் நான் முகர்ந்து பார்த்தேன். மாட்ட வந்தவர் உதவியாளரைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

பழைய கண்ணாடியில் ஒரு துண்டை வெட்டச் சொல்லி ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். வெள்ளி ஆடிச் சோதனை நடத்தும் நாள். சோதனைக்குழாயின் உட்புறம் வெள்ளி படிந்து பளபளத்தது, பிள்ளைகள் வழக்கம்போல அதில் முகம் பார்த்தார்கள். பக்கத்தில் என் துண்டை வைத்து, மேகத்தைக் காட்டி, எந்த அமிலம் என்று கேட்டேன். நாலைந்து பேர் சரியாகச் சொன்னார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?"

சமன்பாட்டை எழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.