கடலோரம் வகுப்பறையான நான்கு ஆண்டுகள்

பண்டாரவளையில் வசிக்கும் நாங்கள் 2021 ஆம் ஆண்டில் மகளுக்கும் மகனுக்கும் வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கியபோது, வருடத்துக்கு இரண்டு முறையாவது வேன் ஒன்றில் கடற்கரைக்குச் சென்று அங்கேயே தங்கிப் பாடம் நடத்துவது என்று தீர்மானித்தோம். எரிபொருள் தட்டுப்பாட்டினால் 2022 இல் எங்கும் போக முடியவில்லை. இதுவரை ஆறு பயணங்கள் முடிந்திருக்கின்றன. மலைநாட்டிலிருந்து இதை முயல எண்ணும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதல் பயணத்தில் அம்பாந்தோட்டை உப்பளம், தேவேந்திரமுனை வெளிச்சவீடு, காலிக் கோட்டை ஆகியவற்றை மூன்றே நாட்களில் காட்டிவிட்டுத் திரும்பினோம். அது தவறு. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எதை எந்த ஊரில் பார்த்தோம் என்பதே பிள்ளைகளுக்கு நினைவில் இல்லை. அதன் பிறகு ஒரு பயணத்துக்கு ஓர் ஊர், குறைந்தது ஐந்து இரவுகள், பிள்ளைகளே எழுப்பும் ஒரு கேள்வி என்று மாற்றிக்கொண்டோம்.

"கடலோரம் போனா பருப்பு ஏம்மா சீக்கிரமா வேகுது?" என்று மகன் கேட்டதுதான் எங்கள் மிகச் சிறந்த விஞ்ஞான பாடமாயிற்று. சுமார் 1,200 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் வீட்டில் கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்தபோது ஏறக்குறைய 96 பாகை காட்டியது; திருகோணமலையில் அதே வெப்பமானி 100 பாகையைத் தொட்டது. வீட்டில் இறுக மூடி எடுத்துச் சென்ற வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தல், எல்லவைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்குவதற்குள் தானாகவே ஒடுங்கிப் போனது. வளிமண்டல அமுக்கத்தை நான் அதற்கு முன்பு இரண்டு மாதம் படம் வரைந்து விளக்கியிருந்தும், அந்தப் போத்தலைக் கையில் பிடித்த பின்புதான் அவனுக்கு அது புரிந்தது.

அந்த இறக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியதில் ஒருமுறை கருகிய வாசனை வந்து, வீதியோரத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்தி ஆறவிட நேர்ந்தது. ஏறுவதற்குப் போடும் அதே தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். தெற்குக்கும் மேற்குக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரையும், கிழக்குக்கு மே முதல் செப்டெம்பர் வரையும் போவதே நல்லது. எங்கள் பாடத்தவணையும் இப்போது பருவக்காற்றைப் பார்த்தே அமைகிறது. சமைத்துச் சாப்பிட்டால்தான் செலவு கட்டுப்படும் என்பதால், தங்குமிடத்தில் அடுப்பைப் பாவிக்க விடுவார்களா என்று முன்கூட்டியே தெளிவாகக் கேளுங்கள். ஓரிடத்தில் சமையலறை உண்டென்று சொல்லிவிட்டு, நாங்கள் போனபோது அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். கணிதத்துக்கு இந்த முறை போதாது. சாதாரண தரப் பரீட்சையை நெருங்கும் மகள் அதில் பின்தங்கியதால், பயணத்திலும் காலை இரண்டு மணி நேரத்தைக் கணக்குக்கென்றே ஒதுக்குகிறோம்.

ஆறு பயணங்களிலும் என் மனதுக்கு மிக நெருக்கமானது தலைமன்னார். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் இந்தத் துறைக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. என் பாட்டனாரின் தகப்பனார் அக்கரைச் சீமையிலிருந்து அதில்தான் வந்து இறங்கினார். பழைய இறங்குதுறையின் எச்சத்துக்கு அருகில் நின்று, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலுக்கு அப்பால் இந்தியா இருக்கிறது என்று நான் காட்டியபோது, மகள் நெடுநேரம் பேசவில்லை. கப்பலும் ரயிலும் வருவதற்கு முன்பு கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, ஆட்களைத் திரட்டி அழைத்துவந்த கங்காணியின் பின்னால் காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள் என்பதையும், வழியில் கொலராவுக்கும் பசிக்கும் எத்தனையோ பேர் மடிந்தார்கள் என்பதையும் அங்கேதான் சொன்னேன். வீட்டில் வைத்து அந்த வரலாற்றைச் சொல்லியிருந்தால் அவள் அதைப் பரீட்சைக்கான பாடமாக மட்டுமே கேட்டிருப்பாள். அன்று மாலை, அவர்களில் அவள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்களா என்று கேட்டாள். இருந்தார்கள் என்றேன்.

அடுத்த பயணத்துக்கு மன்னாரிலிருந்து மாத்தளை வரையான பாதையை அவளே தெரிவு செய்திருக்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒருத்தி ஒரு நாளில் எவ்வளவு தூரம் கடந்திருப்பாள் என்று, வரைபடத்தை விரித்து வைத்து இப்போது கணக்கிட்டுக்கொண்டிருக்கிறாள்.