புதிய ஆன்லைன் படிவ முறை: திருகோணமலையில் இருந்து பாவித்துப் பார்த்ததில்

வேலை திருகோணமலையில், பகுதிநேரப் பட்டப்பின் படிப்பு கொழும்புப் பக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில். இப்படி இருக்கிறவர்களுக்குப் படிவம் என்றால் என்ன பாடு என்று விளக்கத் தேவையில்லை. பதிவைப் புதுப்பிக்க ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை, அதில் மேற்பார்வையாளர் கையெழுத்து, அப்புறம் துறைத் தலைவர், அப்புறம் பீடம். ஒருவர் கூட்டத்துக்குப் போயிருந்தால் நாள் முழுக்க வாங்கில் குந்தியிருந்துவிட்டு, இரவு பஸ்ஸில் ஹபறணை, கந்தளாய் என்று தூங்கி விழித்து வந்து, முகம் கழுவிக்கொண்டு நேரே வேலைக்குப் போக வேண்டும். எங்கள் பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம், தீசிஸை இன்னும் அங்கேதான் கொடுக்க வேண்டும்) இப்போது இதையெல்லாம் ஆன்லைனுக்கு மாற்றியிருக்கிறது. பாவித்துப் பார்த்ததை எழுதுகிறேன், இதே வரிசையில் நிற்கிறவர்களுக்கு உதவும்.

இந்த முறையில் உண்மையாகவே பெறுமதியான விஷயம் ஒன்றே ஒன்றுதான். படிவத்தை அனுப்பிய பிறகு அது யாருடைய மேசையில் நிற்கிறது, எந்தத் திகதியிலிருந்து நிற்கிறது என்று திரையில் காட்டுகிறது. முன்பு போன் எடுத்துக் கேட்டால் "அது மேலே அனுப்பியாச்சு" என்பார்கள். மேலே என்றால் எங்கே, எப்போது அனுப்பியது, ஒன்றும் தெரியாது. மேலே கேட்டால் "இன்னும் வரவில்லையே" என்பார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, கோப்பு நடுவில் ஏதோ ஒரு தட்டில் கிடக்கும். இப்போது "துறைத் தலைவரின் அங்கீகாரத்துக்காக" என்று பச்சையாக எழுதியிருக்கிறது, பக்கத்தில் திகதியும் இருக்கிறது. அந்தத் திகதியைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டால் வேலை நகர்கிறது. கேட்கிறவனுக்குக் கையில் ஒரு ஆதாரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். ஆனால் தூரத்தில் இருக்கிறவனுக்கு அது சின்ன மாற்றம் இல்லை.

மற்றதெல்லாம் நல்லதும் கெட்டதும் கலந்ததுதான்.

உள்ளே போவதற்கு ஓடிபி வேண்டும். அது பதிவு செய்யும்போது கொடுத்த போன் இலக்கத்துக்குத்தான் வரும். இடையில் சிம் மாற்றியவர்கள் இலக்கத்தை மாற்ற ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அந்தப் படிவம் எங்கே இருக்கிறது என்றால், உள்ளே. சிரிக்க வேண்டாம், கடைசியில் மின்னஞ்சலில் எழுதித்தான் அதைத் தீர்த்துக்கொண்டார்கள்.

அடையாள அட்டை இலக்கப் பெட்டி 12 இலக்கம் மட்டுமே எடுக்கும். 2016க்கு முன் எடுத்த அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஒரு 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும்தானே இருக்கும், அதைப் போட்டால் சிவப்பாகிவிடும். அதற்காக அட்டை மாற்ற ஓட வேண்டியதில்லை. முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு சைபர் போட்டு, மிச்ச நான்கையும் அப்படியே எழுதி, கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள், சரியாக வரும். இதை ஒரு வரியில் படிவத்திலேயே எழுதி வைத்திருக்கலாம்.

பெயர் விஷயம்தான் எனக்கு உண்மையில் எரிச்சல். பழைய காகிதப் படிவத்தில் முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர் என்று நம் நாட்டு வழக்கப்படி ஒழுங்காக இருந்தது. புதியதில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். நமக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால். விளைவு, "அன்புள்ள" என்று தொடங்கி அப்பாவின் பெயருக்கு மின்னஞ்சல் வருகிறது. அவர் மூன்றாம் வகுப்புப் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி, பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிக்கவில்லை. வம்சப் பெயர் நீளமாக இருக்கிற சிங்கள நண்பர்களுக்கும் இதே தலையிடிதான், பெட்டிக்குள் பெயர் அடங்காது. எங்கேயோ செய்த மென்பொருளை வாங்கி அப்படியே இறக்கிவிட்டார்கள் போல.

தமிழ் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே மூன்று மொழிக்கும் பொத்தான் இருக்கிறது, தமிழை அழுத்தினால் கேள்விகள் தமிழில் வருகின்றன, மொழிபெயர்ப்பும் மோசமில்லை. பிழை விட்டால் வரும் சிவப்புச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில். உதவி தேவைப்படுவதே அந்த இடத்தில்தானே? முகவரிப் பெட்டிக்கு எழுத்து எல்லை வேறு. கணினி புள்ளியையும் கால், கொம்பையும் தனித்தனியாக எண்ணும், நாம் ஐந்து எழுத்து என்று நினைக்கிற 'கந்தளாய்' அதற்கு எட்டு. ஆகவே ஆங்கிலத்தில் எழுதினால் அடங்குகிற முகவரி தமிழில் பாதியில் நின்றுவிடும். அனுப்பியபின் கிடைக்கும் பிடிஎஃப் பிரதியில் கொம்புகள் எழுத்தை விட்டுக் கழன்று தனியே நிற்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்தில் இதைச் சகித்தோம், யூனிகோட் வந்து இவ்வளவு காலமான பிறகும் ஏன் சகிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

இனி கையெழுத்து. எல்லாவற்றையும் ஆன்லைனில் நிரப்பிய பிறகு, கால நீடிப்புப் படிவத்துக்கு மட்டும், "அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கான் செய்து பதிவேற்றவும்" என்கிறது! மத்திய வீதிப் பக்கம் கொமியுனிகேஷன் கடைக்குப் போய் பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வைத்து, அங்கேயே ஸ்கான் பண்ணி, வீட்டுக்கு வந்து ஏற்றினால் கோப்பு 2 எம்பிக்கு மேல் என்று திருப்பிவிடும். இலங்கையில் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் 2006ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, 19ஆம் இலக்கச் சட்டம். இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது அது, இலத்திரனியல் கையொப்பத்தையும் ஏற்கிறது. மரண சாசனம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை முதலான சிலவற்றுக்குத்தான் விலக்கு. தீசிஸுக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கேட்பது காணி விற்பனை அல்ல. கடவுச்சொல், ஓடிபி எல்லாம் போட்டு உள்ளே வந்தவனிடம் மறுபடியும் பேனாவைத் தேடச் சொல்வது, பழைய பழக்கத்தை விட மனமில்லாத வேலை.

பணம் கட்டுவதும் அப்படியே. வங்கிக்குப் போய்க் கட்டி, சீட்டைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும், யாரோ ஒருவர் அதைக் கண்ணால் பார்த்துச் சரி போடுவார். அரச நிறுவனங்களுக்குப் பணம் கட்ட கவ்பே 2025 பெப்ரவரியில் தொடங்கியாயிற்று, போனில் ஸ்கான் பண்ணிப் பணம் கட்டுகிற லங்கா கியூஆர் கடைக்குக் கடை ஒட்டியிருக்கிறது, இங்கே இன்னும் சீட்டு.

இன்னொன்று, யாரும் கவனிக்கவில்லையோ தெரியாது. பதிவைப் புதுப்பிக்கும் படிவத்தில் மதம், திருமண நிலை, தகப்பனின் தொழில் எல்லாம் கேட்கிறது. என்னைப் பற்றி ஏற்கெனவே அவர்களிடம் ஒரு தடித்த கோப்பே இருக்கிறது. 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று, நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் கேட்பது. காகிதத்தில் இருந்த எல்லாப் பெட்டியையும் பார்த்து அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார்கள், எது தேவை என்று ஒருவரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

போனில் நிரப்பலாம், பெட்டிகள் ஒழுங்காக விரிகின்றன, ஆனால் கோப்பு ஏற்றும்போது இடையில் ஒரு அழைப்பு வந்தால் பக்கம் முதலிலிருந்து தொடங்கும். 'வரைவாகச் சேமி' என்ற பொத்தான் கீழே சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கிறது, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அதை அழுத்துங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதில் இரண்டு அந்தத் திகதி காட்டும் பக்கத்துக்கு மட்டும். கால நீடிப்புக் கேட்கப் போகிறவர்கள் ஸ்கானைக் கறுப்பு வெள்ளையில், குறைந்த தரத்தில் எடுக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள், 2 எம்பிக்குள் வந்துவிடும். கடைக் கணினியில் உங்கள் கணக்கைத் திறந்தால் வெளியேறிவிட்டு, இறக்கிய பிடிஎஃப்பையும் அழித்துவிட்டு வாருங்கள், நான் போன கடையின் டெஸ்க்டொப்பில் யார் யாருடையவோ அடையாள அட்டைப் பிரதிகள் வரிசையாகக் கிடந்தன.