கூசா: ரத்தத்தை நிறுத்தாது, ரத்தக்குழாயைக் காட்டும்

கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைக்காகக் 'கூசா' என்ற அல்ட்ராசோனிக் ஆஸ்பிரேட்டரை (அதிர்வால் திசுவை நொறுக்கி உறிஞ்சும் கருவி) வாங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ரத்தத்தை உறைய வைக்கும் கருவி அல்ல என்பதுதான். முனை உள்ளே துளையுள்ள டைட்டானியம் குழாய். நொடிக்கு 23,000 முறை அதிரும். 36,000 முறை அதிரும் கைப்பிடியும் உண்டு. நீர்ச்சத்து மிகுந்த ஈரல் செல்கள் அந்த அதிர்வில் நொறுங்கி, கருவி விடும் சலைனோடு (உப்புநீர்) கலந்து உறிஞ்சப்படும். நார் அதிகமுள்ள ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் தப்பி நிற்கும். மழை மண்ணை அரித்துக்கொண்டு போனபின் வேர் மட்டும் தெரிவது போல. அந்த வேரை என்ன செய்வது என்று கூசா சொல்லாது.

அதற்குத் துணைக்கருவி வேண்டும். 2 மிமீக்குக் குறைந்த குழாய்களை பைபோலாரால் (மின்சாரத்தால் சுடும் இடுக்கி) சுட்டுவிடலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு கிளிப் அல்லது நூல் கட்டு, பெரிய ஈரல் சிரைக்கு வாஸ்குலர் ஸ்டேப்ளர் (ரத்தக்குழாயைப் பின் அடித்து மூடும் கருவி) அல்லது தையல். கூசாவும் பைபோலாரும் மாறி மாறி வேலை செய்ய, எதிர்ப்பக்கம் நிற்கும் உதவியாளர் வெட்டுமுகத்தை விரித்துப் பிடித்திருந்தால்தான் ரத்த இழப்பு குறையும். ஏற்கெனவே போட்ட உலோக கிளிப்பில் அதிரும் முனை படக் கூடாது. முனை சேதமாகும், கிளிப்பும் நழுவலாம்.

பெரும்பாலான சிக்கல்கள் பிடிக்கும் விதத்தில் வருகின்றன. முனையைக் கத்தி போல அழுத்தினால் சிரைச் சுவர் ஓட்டையாகும். சிரைக்குச் செங்குத்தாகக் குத்தாமல் அதன் நீளவாக்கில் தடவ வேண்டும், அதுவும் அடிப்பகுதியிலிருந்து நுனியை நோக்கி. எதிர்த்திசையில் போனால் கிளை பிரியும் கவட்டில் முனை மாட்டிக் கிழிக்கும். அப்படிக் கிழிந்தால் உடனே உறிஞ்சப் போகாதீர்கள். விரலாலோ காஸாலோ லேசாக அழுத்தி, தேவைப்பட்டால் 5-0 ப்ரோலீன் நூலால் ஒரு தையல்.

ஆரோக்கியமான ஈரலில் அதிர்வின் அளவைப் பாதியளவில் வைத்துத் தொடங்கலாம். சிரோசிஸ் ஈரலில் கூசாவின் பெருமை சட்டென்று இறங்கிவிடும். அங்கே திசுவே நாராகி இருப்பதால் குழாய்க்கும் ஈரலுக்கும் வேறுபாடு மங்கிவிடுகிறது. அதிர்வைக் கூட்டினால் குழாயும் சேர்ந்து சிதையும், கூட்டாவிட்டால் வேலை நகராது.

சாதாரண கெல்லி கிளாம்பால் (அறுவை இடுக்கி) ஈரலை நசுக்கி வெட்டும் பழைய முறையோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? 2005இல் வெளியான சூரிச் ஆய்வில் 100 நோயாளிகளிடம் நான்கு முறைகளைச் சோதித்தார்கள். வேகத்திலும் ரத்த இழப்பிலும் செலவிலும் கிளாம்பே வென்றது. கூசாவை ஒதுக்க இதைக் காட்டுபவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள்: கிளாம்ப் குழுவுக்கு மட்டும் ஈரலுக்கு வரும் ரத்தத்தை வழக்கமாக அடைத்துவிட்டு வெட்டினார்கள், மற்ற மூன்றுக்கும் அப்படியில்லை. சிரோசிஸ் நோயாளிகளும் அதில் இல்லை. ஆனாலும் முடிவு பொய்யில்லை. நல்ல கையில் கிளாம்ப் மலிவான, வேகமான கருவி.

1908இல் அறுவை மருத்துவர் பிரிங்கிள் விவரித்த அந்த அடைப்பு கூசாவோடும் ஒத்துப்போகும்: 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் விட்டு, மறுபடி. ஆனால் அது போர்ட்டல் சிரையையும் ஈரல் தமனியையும்தான் நிறுத்தும். ஈரலிலிருந்து இதயத்தை நோக்கி ரத்தத்தைக் கொண்டுபோகும் ஈரல் சிரைகளில் வால்வு கிடையாது. வலது இதயத்தின் அழுத்தம் அப்படியே பின்னோக்கி வரும். ஆகவே மயக்க மருத்துவர் சிவிபியை (இதயத்தருகே பெருஞ்சிரையின் ரத்த அழுத்தம்) 5 மிமீ பாதரசத்துக்குக் கீழே வைக்காவிட்டால் எத்தனை விலையுள்ள கருவியாலும் வெட்டுமுகம் நனைந்துகொண்டேதான் இருக்கும். வெட்டி முடியும்வரை திரவத்தை அளந்து கொடுப்பதும் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவதும் இதற்காகத்தான். குறைந்த சிவிபியில் திறந்த சிரை காற்றை இழுக்கும் அபாயமும் உண்டு. வெளிமூச்சின் கார்பன் டைஆக்சைடு திடீரென்று விழுந்தால் ஓட்டையை அடைத்து, களத்தைச் சலைனால் நிரப்பி, தலையைத் தாழ்த்த வேண்டும்.

ரத்த இழப்புக் கணக்கிலும் கூசா ஏமாற்றும். நிமிடத்துக்கு 3 மில்லி சலைன் என்று வைத்தாலே இரண்டு மணி நேரத்தில் 360 மில்லி உறிஞ்சு குப்பியில் சேர்ந்திருக்கும். அதைக் கழிக்காமல் ரத்தம் என்று எழுதிவிட்டு, தேவையில்லாமல் ரத்தம் ஏற்றுவதும் நடக்கிறது.

கட்டி ஈரல் சிரையை ஒட்டியிருந்தால், உயிருள்ள தானம் தருபவரின் ஈரலைப் பிரிக்க வேண்டியிருந்தால், லேப்ராஸ்கோப்பியில் சிரையை நீளமாகத் திறந்து காட்ட வேண்டியிருந்தால், கூசாவின் விலைக்கு நியாயம் உண்டு. ஓரத்தில் இருக்கும் சிறு கட்டிக்கு இதை விரிப்பது வீண்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று: முனையை டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கே முறுக்கும் திருகுசாவி), 'கிளிக்' கேட்கும்வரை மட்டும் முறுக்குங்கள். தளர்ந்த முனை கீச்சிடும், சூடேறும், பாதி வேலையில் சக்தி இழக்கும். மாற்று முனை ஒன்று ஸ்டெரைலாகத் தயாராக இருக்கட்டும்.