41 ஆல்பங்கள், அடித்துத் திருத்திய மதிப்பெண்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இளவயதில் உயிராக இருந்த ஆல்பங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கத் தொடங்கினேன். இன்றோடு கணக்கு 41. ஒவ்வொன்றும் மூன்று முறை: முதலில் ஸ்பீக்கரில், அடுத்து ஹெட்ஃபோனில், ஒரு மாதம் ஆறப்போட்டுவிட்டு மறுபடி ஸ்பீக்கரில். பாட்டைத் தாண்டுவதில்லை, வரிசையை மாற்றுவதில்லை, கூடவே வேறு வேலை பார்ப்பதில்லை. மூன்றாவது முறை முடிந்த பிறகுதான் பத்துக்கு இத்தனை என்று எழுதுவேன்.

இவ்வளவு கட்டுப்பாடு வைத்தும் பாதி எண்களை அடித்துத் திருத்தும்படி ஆயிற்று. "வயசாகிவிட்டது" என்று ஆல்பத்தின் தலையில் நான் போட்ட பழி, பல இடங்களில் நான் கேட்ட பதிப்புக்குச் சேர வேண்டியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

முதல் அடி விழுந்தது பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' விஷயத்தில். ஹெட்ஃபோனில் ஸ்டீரியோ பதிப்பைக் கேட்டேன். பல பாடல்களில் குரல் ஒரு காதில், டிரம்ஸ் மறுகாதில், நடுவில் வெட்டவெளி. பத்துக்கு ஆறு என்று எழுதிவிட்டு இரண்டு நாள் மனம் சரியில்லாமல் இருந்தேன். பிறகுதான், இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோ பதிப்பைத் தேடிக் கேட்டேன். 1967இல் வந்த அந்த ஆல்பத்தை நான்கு ட்ராக் (ஒலித்தடம்) மட்டுமே கொண்ட இயந்திரங்களில் பதிந்தார்கள். பதிந்தவற்றைச் சேர்த்துச் சமன்செய்யும் கலவை வேலையில் குழுவினர் உட்கார்ந்து கவனம் செலுத்தியது மோனோவுக்குத்தான். ஸ்டீரியோ கலவை பெரும்பாலும் அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடிந்தது. மோனோவில் எல்லா வாத்தியமும் ஒரே உடம்பாக எழுந்து வருகிறது, டிரம்ஸ் நெஞ்சில் வந்து இடிக்கிறது. வீட்டை விட்டுப் போகும் பெண்ணைப் பற்றிய பாடல் மோனோவில் சற்று வேகமாகவும் சுருதி கூடியும் ஓடுகிறது. ஸ்டீரியோவில் இழுவையாகத் தோன்றிய அதே பாட்டு இங்கே உருக்கிவிட்டது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் 2017இல் செய்த புதிய ஸ்டீரியோ கலவையும் அந்த மோனோவின் திடத்தைப் பிடிக்க முயன்றதுதான். ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஆறை அடித்து ஒன்பது போட்டேன். அன்றிலிருந்து நோட்டில் ஒரு பத்தி கூடியது: எந்தப் பதிப்பு?

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்முன் சத்த அளவைச் சமப்படுத்துங்கள். சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளும். 1990களிலிருந்து வந்த ரீமாஸ்டர்களில் (பழைய பதிவைச் செப்பனிட்டு மறுபடி வெளியிட்டவை) பல, மெல்லிய பகுதியையும் உரத்த பகுதியையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு அமுக்கி மொத்தத்தையும் உயர்த்தியவை. முதல் ஐந்து நிமிடம் பளிச்சென்று இருக்கும், இருபதாவது நிமிடத்தில் தலை கனக்கும். அந்த அலுப்பைத்தான் நான் பழைய ஆல்பங்களின் அலுப்பு என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' வேறு வகையில் சிக்கலாயிற்று. 1973இல் வந்த இந்த ஆல்பத்தில் பாடல்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடும். என் பழைய பிளேயர் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே அரை விநாடி மௌனத்தைச் செருகியது. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடியும் ஒரு படைப்புக்கு அதைவிடக் கொடுமை இல்லை. இடைவெளி விடாமல் ஒலிக்கும் வசதி உங்கள் செயலியில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அது சரியான பிறகும் என் எண் எட்டைத் தாண்டவில்லை. சிந்தசைசர் ஓடித் திரியும் 'ஆன் தி ரன்' அந்தக் காலத்தில் என்னை மிரளவைத்தது. இப்போது அது கருவியைக் காட்டும் நேரமாகத்தான் படுகிறது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பதிந்து வைத்திருந்த கடிகாரங்கள் ஒருசேர அலறும் இடமும், எப்போது வரும் என்று தெரிந்துவிட்டதால் பழைய வேகத்தில் தாக்குவதில்லை. ஆனால் பாடகி கிளேர் டோரி சொற்களே இல்லாமல் கதறி, தணிந்து, அடங்கும் அந்தப் பாட்டு மூன்று முறையும் என்னை அசையவிடவில்லை. அவர் பெயர் இசையமைப்பில் சேர்க்கப்பட 2005 வரை ஆயிற்று என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) ஏழு. நான் முதலில் கேட்டது எல்.பி. இசைத்தட்டு. சில பாடல்களை அதில் சுருக்கியிருந்தார்கள், சி.டி.யில்தான் முழு நீளம். டிஜிட்டலாகப் பதிந்த அந்தத் துடைத்தெடுத்த சுத்தம் அன்று அதிசயமாக இருந்தது. இன்று கீபோர்டின் பளபளப்பு ஆண்டைக் காட்டிக்கொடுக்கிறது. கடைசிப் பாடலின் கிட்டார் மட்டும் எந்த ஆண்டுக்கும் கட்டுப்படாது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பத்துக்கு எட்டு. அதன் ஒன்பது பாடல்களில் அந்த ஆண்–ஆண் டூயட் தவிர ஒன்றிலும் தூசி படியவில்லை.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) பற்றி எழுதக் கொஞ்சம் பயம், அவ்வளவு நெருக்கம். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். அன்று வி. எஸ். நரசிம்மனின் வயலினை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தேன். இப்போது காது கீழே இறங்கிவிட்டது: தாழ்ந்த தந்திகள் தனக்கென்று ஒரு மெட்டை எடுத்துப் போய், வயலின் திரும்பும் இடத்தில் வந்து சேர்வதைக் கேட்கிறேன். பாஹைத் தன் வீட்டில் சந்தித்ததாக ராஜா தலைப்பிட்ட பகுதியில், வந்தவரின் மெட்டு கலையாமல் இருக்க அதைச் சுற்றி அவர் கட்டுவது முன்பு எனக்குப் புலப்பட்டதே இல்லை. ஒன்பதரை. மூன்றாவது முறை கேட்டபின் மனதில் வைத்திருந்த எண் ஏறிய ஆல்பங்கள் மொத்தம் நான்கு, அதில் இது ஒன்று.

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். 1959இல் இரண்டே நாள், மார்ச் 2, ஏப்ரல் 22. ஐந்தே பகுதிகள். ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த ஸ்டுடியோ. அந்த உயரக் கூரையின் காற்று ஒவ்வொரு எக்காள மூச்சிலும் கேட்கிறது. மார்ச் அமர்வில் பதிவு இயந்திரம் கொஞ்சம் மெதுவாகச் சுழன்றிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசைத்தட்டின் முதல் பக்கம் மட்டும் சற்று வேகமாக, சுருதி ஒரு நூல் கூடியே பல பதிற்றாண்டுகள் விற்றது. 1990களில்தான் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு நாடாவிலிருந்து திருத்தினார்கள்.

என் காது வளர்ந்தது அந்தத் தவறான சுருதியில். திருத்திய பதிப்பை முதலில் கேட்டபோது எல்லோரும் களைத்துப்போய் வாசிப்பதுபோல இருந்தது. ஒரு வாரம் தாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் பழைய பதிப்பைப் போட்டேன். பியானோவும் பாஸும் பேசிக்கொள்ளும் அந்தத் தொடக்கம் யாரோ பின்னால் நின்று விரட்டுவதுபோலக் கேட்டது. திருத்திய பதிப்புக்குப் பத்து. பழையதற்கு நேரே உள்ள கட்டத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.