கட்சியா, பொதுவேலைக் குழுவா?

பொதுக்காரியத்தில் இறங்க நினைக்கும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

வேகம்: தூர்ந்த வாய்க்கால் என்றால் குழுதான். யாருக்கு என்ன கொள்கை என்று கேட்காமல் நாலு பேர் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். கட்சி வழியாகப் போனால் அது கோரிக்கையாகித் தேர்தல்வரை காத்திருக்கும்.

செலவு: குழு உங்கள் நேரத்தைக் கேட்கும். கட்சி விசுவாசத்தையும் கேட்கும்.

நீடிப்பு: முன்னின்று செய்தவர் ஓய்ந்தால் குழு படுத்துவிடும் என்பார்கள். விதிமுறை தெளிவாக இருந்தால் அப்படி ஆக வேண்டியதில்லை. ஸ்பெயினின் வலென்சியாவில், பாசன விவசாயிகள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழன்தோறும் தேவாலய வாசலில் கூடித் தண்ணீர்த் தகராறுகளை விசாரிக்கிறார்கள். எல்லாம் வாய்ப்பேச்சில்தான், தீர்ப்பும் அங்கேயே. பல நூற்றாண்டுகளாக நடக்கும் இந்த முறையை யுனெஸ்கோ 2009-இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எல்லை: வரி, குறைந்தபட்சக் கூலி, சட்டத் திருத்தம் எல்லாம் குழுவின் கைக்கு எட்டாது. அங்கே கட்சி வேண்டும்.

ஆக, சட்டம் மாறவேண்டும் என்றால் கட்சிக்குப் போங்கள். அக்கம்பக்கத்து வேலை என்றால் குழு. இரண்டிலும் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் குழுக் கூட்டத்துக்குக் கட்சிக்கொடி மட்டும் வேண்டாம், பாதிப் பேர் அப்புறம் வரவே மாட்டார்கள்.